மருந்துக் கழிவும் மண் பாக்டீரியாவும்: கொடுங்கையூரில் தொடங்க வேண்டிய வேலை

வியாசர்பாடியைச் சுற்றி நீர் ஓடும் வழிகள் பல. பேசின் பிரிட்ஜ் பக்கம் ஓட்டேரி நல்லா ஓடை பக்கிங்ஹாம் கால்வாயில் விழுகிறது. கேப்டன் காட்டன் கால்வாயும் குடியிருப்புகளுக்கு இடையே வளைந்து வந்து அதே கால்வாயைச் சேர்கிறது. 1806இல் எண்ணூர்வரை படகுகள் செல்வதற்காக வெட்டிய அந்தப் பாதை இன்று வடசென்னையின் சாக்கடையைச் சுமக்கிறது. வடக்கே கொடுங்கையூரில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அருகருகே இருக்கின்றன. இந்தப் பகுதியின் மாசு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவை வேறு: 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியதில் கரையெங்கும் படிந்த எண்ணெய், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் பரவி மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கிய எண்ணெய், அதே மாதக் கடைசியில் எண்ணூர் மக்களை நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடவைத்த அமோனியாக் கசிவு. இவற்றுக்கு நிறமோ நாற்றமோ உண்டு. அதனால் போராட்டமும் வழக்கும் நடந்தன. அதே நீரில் நிறமும் நாற்றமும் காட்டாமல் கலந்துபோகிறது நாம் விழுங்கும் மருந்து. மண்ணில் வாழும் பாக்டீரியாக்களால் மருந்து மூலக்கூறுகளைச் சிதைக்க முடியும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை எங்கே, எந்த நிலையில் வேலைக்கு வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது பலன் தருவதும் கேடாய் முடிவதும். கால்வாயில் ஊற்றி ஆவது ஒன்றுமில்லை. மருந்து செறிவாகச் சேரும் மருத்துவமனைத் தொட்டியிலும் மருந்தாலைத் தொட்டியிலும் முதலில், பிறகு கொடுங்கையூர் போன்ற நிலையங்களில், கண்காணிப்போடு அவற்றைப் பேண வேண்டும் என்பதே என் வாதம்.

விழுங்கிய மருந்தின் கதை உடலோடு முடிவதில்லை. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் பாதிக்கு மேல் சில மணி நேரத்திலேயே மாறாத வடிவில் சிறுநீரில் வெளியேறிவிடும். இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான சிப்ரோஃப்ளாக்சசினிலும் கணிசமான பங்கு அப்படியே போகும். சர்க்கரை நோய்க்காரர்கள் தினமும் போட்டுக்கொள்ளும் மெட்ஃபார்மினை மனித உடல் சிதைப்பதே இல்லை. ரத்தத்தில் கலந்தது சிறுநீரகம் வழியே முழுதாக வெளியே வந்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. இத்தனை பேரில் மருந்து எடுப்பவர்களின் கழிப்பறைகளிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே மூலக்கூறு சாக்கடைக்குப் போகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், மருந்து மாசு என்பது ஆலைகள் மட்டும் செய்யும் குற்றமல்ல என்பது விளங்கும். மருந்தாலையே இல்லாத தெருவிலிருந்தும் அது கிளம்புகிறது.

தமிழ்நாட்டு ஆறுகளில் இதற்கு நேரடிச் சான்று உண்டு. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி மூன்றிலும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்துகளைத் தேடிய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதற்கு முன்பே வலிப்பு நோய்க்கான கார்பமாசெபைனும் இதே ஆறுகளில் அளக்கப்பட்டிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் லிஜி ஃபிலிப் தலைமையிலான குழு காவிரியைத் தொடர்ந்து கண்காணித்து 2021இல் அறிவித்த பட்டியலில் ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் ரத்த அழுத்தத்துக்கான அட்டெனலாலும் சிப்ரோஃப்ளாக்சசினும் இருந்தன. 2022இல் 104 நாடுகளின் 258 ஆறுகளில் நடந்த உலகளாவிய ஆய்வு, அதிகமான இடங்களில் தென்பட்டவை கார்பமாசெபைன், மெட்ஃபார்மின், காஃபீன் என்று கண்டது. ஆலைக் கழிவின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டஞ்செருவுக்குப் போக வேண்டும். அங்கே ஏறக்குறைய 90 மருந்து நிறுவனங்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய பொது நிலையத்தின் நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடனின் யோவாகிம் லார்சன் குழு 2007இல் வெளியிட்டது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் சேரும் அளவைவிடப் பல மடங்கு அது. சுத்திகரித்த பிறகு இருந்த அளவு அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டஞ்செருவின் அளவு எங்கே, ஆற்றில் கரைந்த நானோகிராம் எங்கே, இவ்வளவு நீர்த்துப்போனது யாரை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கழுகுகளிடமிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பதை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறு கழுகுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே மிஞ்சியது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டபோது பெருவாரியான அழிவு நடந்து முடிந்திருந்தது. இன்று தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க மோயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். ஒரு மருந்து எந்த உயிருக்கு எவ்வளவு நஞ்சு என்பது மனிதனுக்கான அளவைக் கொண்டு கணிக்கக்கூடியதல்ல. ஆன்டிபயாட்டிக் விஷயம் இன்னும் கடுமையானது. பாக்டீரியாவைக் கொல்லாத மிகச் சிறு அளவுகூட, எதிர்ப்புத்திறன் உள்ளவற்றுக்குச் சாதகமாக அமைந்து அவற்றைப் பெருக வைக்கும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அந்த எல்லை லிட்டருக்கு 64 நானோகிராம் என்பது 2016இல் வெளியான கணிப்பு. பட்டஞ்செருவில் அளந்த உச்சம் அதைப்போல ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு.

எதிர்ப்புத்திறன் சென்னைக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. என்.டி.எம்-1 என்ற எதிர்ப்புத்திறன் மரபணு ஓர் ஆய்வின் வழியே உலகெங்கும் பேசப்பட்டது 2010இல். அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அதில் சென்னையிலிருந்து மட்டும் அந்த மரபணு கொண்ட 44 பாக்டீரியா மாதிரிகள் இருந்தன. மறு ஆண்டே புதுதில்லித் தெருக்களில் தேங்கிய நீரிலும் குழாய் நீரிலும் அதே மரபணு கண்டறியப்பட்டது. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு வழிவகுத்த பிரகடனமும் சென்னையின் பெயரையே தாங்கியிருக்கிறது. எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாக்களால் 2019இல் உலகில் நேரடியாக 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. மருத்துவமனைக்குள் மருந்துச் சீட்டைக் கட்டுப்படுத்திவிட்டு வெளியே சாக்கடையை விட்டுவிடுவது பாதி வேலை.

இனி மண்ணுக்கு வருவோம். ஆன்டிபயாட்டிக்குகளின் தாய்வீடே மண்தான். காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல் நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மனின் ஆய்வகம் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் இனத்திலிருந்து எடுத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று இந்த வேதிப்பொருள்களால் தாக்கி வாழ்ந்த இடத்தில், அவற்றை உடைக்கும் கலையும் வளராமல் இருக்க முடியாது. பென்சிலின் நோயாளிகளுக்குப் பரவலாகப் போய்ச் சேரும் முன்பே, 1940இல், அதைச் சிதைக்கும் பென்சிலினேஸ் நொதியை ஆய்வாளர்கள் ஆப்ரகாமும் செய்னும் பாக்டீரியாவில் கண்டுவிட்டார்கள். 2008இல் கௌதம் தாந்தாஸ், ஜார்ஜ் சர்ச் உள்ளிட்ட குழு ஒரு படி மேலே சென்றது. 11 இடங்களின் மண்ணை எடுத்து, 18 ஆன்டிபயாட்டிக்குகளில் ஒவ்வொன்றையும் மட்டுமே கார்பன் உணவாக வைத்துப் பார்த்தபோது, நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்கள் அதில் வளர்ந்ததாக அறிவித்தது. ஐந்தாண்டு கழித்து வேறொரு குழு இதை மறுத்தது. அவை மருந்தைத் தாங்கிக்கொண்டு வேறெதையோ தின்று வளர்ந்திருக்கலாம், மருந்தையே தின்றன என்பதற்குச் சான்று போதாது என்றது. அந்த மறுப்பு நல்லதே செய்தது. 2018இல் தாந்தாஸின் ஆய்வகத்திலிருந்தே பென்சிலின் சிதைவின் படிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

அந்தப் படிகளைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். பென்சிலினின் கொல்லும் ஆற்றல் நான்கு அணுக்கள் கொண்ட சிறிய வளையத்தில் இருக்கிறது. முதலில் பீட்டா-லேக்டமேஸ் என்ற நொதி அந்த வளையத்தைத் திறந்துவிடுகிறது. அந்த நொடியே அது மருந்தாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஆனால் பொருளாக இன்னும் இருக்கிறது. அடுத்து அமிடேஸ் என்ற இன்னொரு நொதி பக்கச் சங்கிலியை வெட்டி ஃபீனைல் அசிட்டிக் அமிலத்தை விடுவிக்கிறது. அதைத் தின்னப் பல பாக்டீரியாக்களுக்குத் தெரியும். அது சக்தியாகவும் கரியமில வாயுவாகவும் முடிகிறது. இந்த இரண்டு நொதிகளைச் சேர்த்துவிட்ட ஆய்வகத்து ஈ-கோலை பென்சிலினையே உணவாகக் கொண்டு வளர்ந்து காட்டியது. முதல் படியை மட்டும் செய்யும் பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெற்றது. எல்லாப் படிகளையும் செய்வதுதான் மாசை நீக்குவது. பின்னால் வரும் பெரிய ஆட்சேபத்துக்கு இந்த வேறுபாடே வேர்.

மண் புதிய மருந்துகளையும் பழகிக்கொள்ளும் என்பதற்குக் கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு சான்று உண்டு. சல்ஃபாமெத்தசின் என்ற கால்நடை மருந்தை ஆண்டுதோறும் சேர்த்துவந்த வயல்துண்டுகளில், பத்தாண்டுக்குப் பிறகு அந்த மருந்து மற்ற மண்ணில் கரைவதைவிட வேகமாகக் கரைந்தது. அதைத் தின்னும் மைக்ரோபாக்டீரியம் ஒன்றையும் அங்கிருந்து பிரித்தெடுத்தார்கள். ஐபுப்ரோஃபெனைத் தின்னும் ஸ்ஃபிங்கோமோனாஸ் கழிவுநீரிலிருந்து கிடைத்தது. ஆனால் எல்லா மருந்தும் இப்படி வசப்படுவதில்லை. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் சாதாரணச் சுத்திகரிப்பிலேயே பெரும்பாலும் மறைகின்றன. டைக்ளோஃபெனாக் அரைகுறையாகவே போகிறது. கார்பமாசெபைன் உள்ளே வந்தபடியே வெளியேறுகிறது எனலாம். சிப்ரோஃப்ளாக்சசின் நீரைவிட்டுப் போனாலும் சிதைவதில்லை, கசடில் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கசடை வயலுக்கு உரமாகக் கொடுத்தால் அங்கே போய்ச் சேரும். மெட்ஃபார்மின் தரும் பாடம் இன்னும் முக்கியமானது. சுத்திகரிப்புத் தொட்டியில் பாக்டீரியாக்கள் அதைக் குவானைல்யூரியாவாக மாற்றிவிடுகின்றன. வெளியேறும் நீரில் மெட்ஃபார்மினை மட்டும் தேடினால் அருமையான வெற்றி தெரியும். குவானைல்யூரியாவைத் தேடினால் பெரும்பகுதி வேறு பெயரில் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருப்பது தெரியும். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெட்ஃபார்மினைத் தின்னும் பாக்டீரியாக்களைக் கழிவுநீரிலிருந்து பிரித்து 2022இல் விவரித்தார்கள். குவானைல்யூரியாவை உடைக்கும் சூடோமோனாஸும் தெரியவந்திருக்கிறது. ஒன்று விட்டதை மற்றொன்று எடுத்துக்கொள்ளும் கூட்டம் தேவை. தனி ஒரு அதிசயப் பாக்டீரியாவைத் தேடிப் போவது இந்தத் துறையில் தவறான பாதை.

அப்படிப்பட்ட கூட்டம் கொடுங்கையூரில் ஏற்கெனவே இருக்கிறது. 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் அறிமுகப்படுத்திய செயலூட்டிய கசடு முறையில்தான் உலகின் பெரும்பாலான நகரங்களின் கழிவுநீர் இன்றும் சுத்தமாகிறது, சென்னையும் அப்படியே. காற்றூட்டும் தொட்டியில் பழுப்பு நிறத்தில் நுரைத்துப் புரளும் நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்களின் திரள். மண்ணிலிருந்தும் மனிதக் குடலிலிருந்தும் வந்து அங்கே குடியேறியவை. அவற்றின் வேலை கரிமக் கழிவைத் தின்பது. மருந்தைச் சிதைப்பது கூடவே நடக்கும் காரியம். எவ்வளவு நடக்கும் என்பது, கசடு எத்தனை நாள் தொட்டியில் தங்குகிறது என்பதைப் பொறுத்தது. பத்து நாளுக்கு மேல் தங்கினால் மெதுவாக வளரும் பாக்டீரியாக்களும் நிலைபெறும். அமோனியாவை மாற்றும் வகைகள் தம் நொதியால் சில மருந்துகளையும் சேர்த்து உடைக்கும் என்பதை ஐரோப்பிய நிலையங்களில் அளந்திருக்கிறார்கள். பாக்டீரியா படலமாக ஒட்டி வளர்வதற்குப் பிளாஸ்டிக் வில்லைகளை மிதக்கவிடும் தொட்டிகளில், டைக்ளோஃபெனாக் கூடச் சாதாரணத் தொட்டியைவிட நன்றாகச் சிதைவதை ஸ்வீடன், டென்மார்க் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டென்மார்க்கில் மருத்துவமனைக் கழிவுநீரிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். அந்த நாடுகளில் குளிர்காலத்துத் தண்ணீர் 10 பாகை அளவுக்கு இறங்கும்போது பாக்டீரியா சோம்பிவிடும். சென்னையின் கழிவுநீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பானது. இயற்கை நமக்குக் கொடுத்திருக்கும் இந்த அனுகூலத்தை நாம் இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே தொடங்கவில்லை.

இதற்கு மாறாக, புட்டியில் அடைத்த பாக்டீரியாவைக் கால்வாயில் தெளித்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எளிதாகப் பரவுகிறது. எண்ணெய்யைத் தின்னும் சூடோமோனாஸை உருவாக்கி 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய்க் காப்புரிமை பெற்றவர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற இந்தியர். உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை என்ற வரலாற்றை அது படைத்தது. ஆனால் எந்தக் கடல் எண்ணெய்க் கசிவிலும் அந்தப் பாக்டீரியா இறக்கப்படவில்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் கசிந்தபோது பலன் தந்தது வேறு வழி: கரையில் இயல்பாகவே இருந்த பாக்டீரியாக்களுக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போட்டார்கள். 2017 எண்ணூர்க் கசிவிலும் வாளியாலும் கையாலும் அள்ளிய எண்ணெய்ச் சேற்றைத் துறைமுக வளாகத்தில் ஓரிடத்தில் சேர்த்து வைத்துத்தான் நுண்ணுயிர்ச் சிகிச்சைக்கு உட்படுத்தினார்கள். சேர்த்து வைத்தது, கலக்கியது, உணவும் காற்றும் கொடுத்தது ஆகியவையே அங்கே பாக்டீரியாவை வேலை செய்ய வைத்தன. மருந்துக்கு இது இன்னும் பொருந்தும். பக்கிங்ஹாம் கால்வாயில் மருந்தின் அளவு மிகக் குறைவு. அந்த அளவை மட்டும் நம்பி எந்தப் பாக்டீரியாவும் வாழாது. ஆக்சிஜன் இல்லை. முகத்துவாரத்தை நெருங்க நெருங்க உப்பு ஏறுகிறது. முன்பே அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் புதிதாக வந்தவற்றைத் தின்றுவிடும். ஒரு வாரத்தில் காசும் பாக்டீரியாவும் கடலுக்குப் போய்விடும்.

ஆகவே மருந்து எங்கே செறிவாக இருக்கிறதோ அங்கே பிடிக்க வேண்டும். மருந்தாலையின் கழிவுத் தொட்டியில் அது மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு அது உணவாகவே போதும். ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட மருத்துவமனையின் கழிவுநீரிலும், நகரச் சாக்கடையில் கலந்து நீர்ப்பதற்கு முன்னால், ஆன்டிபயாட்டிக்கும் புற்றுநோய் மருந்தும் மற்ற இடங்களைவிட அதிகம். 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைகளின் திரவக் கழிவுக்கு வரம்பு வைத்திருக்கின்றன: அமிலத்தன்மை, மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், ஆக்சிஜன் தேவை, அதோடு அந்த நீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்ற சோதனை. மீனைக் கொல்லாத நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் இருக்கலாம். எதிர்ப்புத்திறன் மரபணுவும் இருக்கலாம். விதியில் மருந்துக்கென ஒரு வரி இல்லை. மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே படலம் வளரும் தொட்டி ஒன்றை வைத்து, அங்கே சேரும் நீரிலேயே பழக்கப்பட்ட பாக்டீரியாக்களை வளர்ப்பது தொழில்நுட்பத்தில் புதியதல்ல. விதி கேட்காததால் யாரும் செய்வதில்லை.

இங்கேதான் மிகக் கடினமான ஆட்சேபம் எழுகிறது. ஆன்டிபயாட்டிக்கைத் தின்ன ஒரு பாக்டீரியாவைப் பழக்குவது, எதிர்ப்புத்திறனை நாமே வளர்த்து விடுவதாகாதா? 2008 ஆய்வில் கிடைத்த மண் பாக்டீரியாக்கள் தாம் தின்ற மருந்தை மட்டுமல்ல, வேறு பல ஆன்டிபயாட்டிக்குகளையும் தாங்கின. அந்த மரபணுக்கள் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கைமாறக்கூடியவை. கழிவுநீர்த் தொட்டி அதற்கு வசதியான இடம். இந்த அச்சத்தை லேசாகத் தள்ளிவிடும் எவரையும் நம்ப வேண்டாம். ஆனால் இது திட்டத்தைக் கைவிடச் சொல்லும் வாதமல்ல. எப்படிச் செய்யக் கூடாது என்ற எச்சரிக்கை. முதலாவது, மெட்ஃபார்மின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அட்டெனலால் இவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்களால் இந்த ஆபத்து மிகக் குறைவு. இவற்றில் முதலில் தொடங்கலாம். இரண்டாவது, ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் திறந்த நீரில் விடக்கூடாது. மூடிய தொட்டியில் வைக்க வேண்டும். வெளியேறும் நீரைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். கசடை வெப்பத்தாலோ சுண்ணாம்பாலோ பதப்படுத்தாமல் வயலுக்கு அனுப்பக் கூடாது. உயிருள்ள பாக்டீரியாவுக்குப் பதில் அது செய்யும் நொதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவதும் ஒரு வழி. மரபணு இல்லாத இடத்தில் அது கைமாறவும் முடியாது. மூன்றாவது, வெற்றியை அளக்கும் அளவுகோல் மாற வேண்டும். மருந்து மறைந்ததா என்பதோடு, எதிர்ப்புத்திறன் மரபணுக்கள் கூடினவா குறைந்தனவா என்பதையும் உள்வரும் நீரிலும் வெளியேறும் நீரிலும் பார்க்க வேண்டும். கூடியிருந்தால் அந்தத் தொட்டியை நிறுத்தத் தயங்கக் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் பாதுகாப்பானதல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. சிதையாத ஆன்டிபயாட்டிக் கால்வாயில் போய்க்கொண்டே இருந்தால், எதிர்ப்புத்திறனை வளர்க்கும் அதே பயிற்சி யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் நடந்துகொண்டே இருக்கும்.

பாக்டீரியாவோடு மல்லுக்கட்டுவானேன், எதிர்சவ்வூடு பரவல் வைத்து வடிகட்டிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. கொடுங்கையூரிலேயே அது இருக்கிறது. 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை அந்த முறையில் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள். கோடையில் வீடுகளுக்குப் போக வேண்டிய தண்ணீர் ஆலைகளுக்குப் போவதை அது தடுக்கிறது என்ற அளவில் பெரும் நன்மை. ஆனால் சவ்வு எதையும் அழிப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கிய நீரில் உப்போடு மருந்தும் பல மடங்கு செறிந்து கிடக்கும். அதை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கும். ஓசோன் வாயு கார்பமாசெபைனைப் போன்ற பிடிவாதமான மருந்துகளை நன்றாகவே உடைக்கும். சுவிட்சர்லாந்து 2016 முதல் தன் பெரிய நிலையங்களில் ஓசோனையோ செயலூட்டிய கரியையோ சேர்த்து வருகிறது. அங்கேயும் ஓசோனுக்குப் பிறகு, உடைந்த துண்டுகளைத் தின்ன ஒரு மணல் வடிகட்டியில் பாக்டீரியாவைத்தான் வைக்கிறார்கள். பாக்டீரியாவால் ஆகாததற்கு ஓசோனும் கரியும் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவை கேட்கும் மின்சாரமும் செலவும் குறைய வேண்டுமானால், முன்னால் இருக்கும் உயிரியல் தொட்டி தன் பங்கை முழுதாகச் செய்திருக்க வேண்டும்.

எண்ணெய்யிலும் அனல்மின் சாம்பலிலும் மூழ்கிக் கிடக்கும் வடசென்னைக்கு மாத்திரை எச்சம் பற்றிய கவலை ஆடம்பரம் என்று சொல்பவர்களும் இருக்கலாம். இவை தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. துத்தநாகம், தாமிரம், பாதரசம் போன்ற உலோகங்களைத் தாங்கும் மரபணுக்களும் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுக்களும் பல பாக்டீரியாக்களில் ஒரே டி.என்.ஏ. துண்டில் சேர்ந்தே இருக்கின்றன. உலோகக் கழிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றதும் கூடவே பெருகுகிறது. ஆலைக் கழிவைத் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் கலந்தால், சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியா செத்துப்போகும். பிறகு மருந்தைச் சிதைக்க யாரும் இருக்க மாட்டார்கள். தொட்டியின் பாக்டீரியாவைக் காப்பது என்றால் மணலியிலிருந்தும் தொழிற்பேட்டைகளிலிருந்தும் என்ன வருகிறது என்பதைக் காவல் காப்பதும்தான். எண்ணூர் மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் அதே கண்டிப்பு இங்கேயும் தேவைப்படுகிறது.

குப்பைக் கிடங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொடுங்கையூரில் பல பத்தாண்டுகளாகக் குவிந்த சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையை 640 கோடி ரூபாய்ச் செலவில் அகழ்ந்து பிரிக்கும் பணி நடக்கிறது. வீடுகளில் மிஞ்சிய, காலாவதியான மாத்திரைகள் வழக்கமாகப் போகும் இடமும் குப்பைத்தொட்டிதான். இதற்கு நுண்ணுயிரியல் தேவையில்லை. மிஞ்சிய மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு போதும். கேரளம் 2025இல் கோழிக்கோட்டில் அதைத் தொடங்கிவிட்டது.

செலவை யார் ஏற்பது? 2024இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் நகரக் கழிவுநீர்ச் சட்டம், மருந்து போன்ற நுண்மாசை நீக்கும் நான்காம் கட்டச் சுத்திகரிப்பின் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, ஒப்பனைப் பொருள் தயாரிப்பாளர்கள் கொடுக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் ஆலைகளின் கழிவுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இந்தியா இதில் முந்தியிருக்க வேண்டிய நாடு. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில் மருந்தாலைகளின் கழிவுநீரில் 121 ஆன்டிபயாட்டிக்குகளுக்கு வரம்பு இருந்தது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்தப் பட்டியலே இல்லை. வரம்பு இல்லாத இடத்தில் அளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அளக்காத மாசுக்கு யாரும் பாக்டீரியாவை வளர்க்கப்போவதுமில்லை, தொட்டி கட்டப்போவதுமில்லை. மத்திய அறிவிக்கைக்காகத் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. கொடுங்கையூர் நிலையத்துக்குள் வரும் நீரிலும் வெளியேறும் நீரிலும் கசடிலும் மெட்ஃபார்மின், குவானைல்யூரியா, டைக்ளோஃபெனாக், கார்பமாசெபைன், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய ஐந்தையும் சில எதிர்ப்புத்திறன் மரபணுக்களையும் மாதந்தோறும் அளந்து வெளியிடலாம். அளப்பதற்கான திறமை சென்னையின் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கிறது. அந்த எண்களைக் கொண்டு மருத்துவமனைகளுக்கும் மருந்தாலைகளுக்கும் வரம்பு வைக்கலாம். கழிவுநீருக்குத் தர அளவுகளை வகுக்கும் அதிகாரத்தை 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.